எப்போதாவது பார்ப்பதற்கான பைனாகுலர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். இவற்றுக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்கது, நான் ஒரு மலிவு விலை பைனாகுலரைத் தேர்ந்தெடுத்த முறை. நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்ததாகவோ, குழு அமைத்ததாகவோ தகவல் இல்லை. நான் இரண்டையும் செய்தேன். அடக்கம் காரணமாக இதுவரை வெளியே சொல்லவில்லை. இனியும் சொல்லாமல் இருந்தால் என் வீட்டில் உள்ள இரண்டு பேர் அவர்கள் பாணியில் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

முதலில் என் தகுதி. நான் ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். பதவியின் பெயரிலேயே கண் இருப்பதைக் கவனிக்கவும். நாற்காலி, மின்விசிறி, மை, துடைப்பம் எதுவானாலும் என் கண்ணில் படாமல் உள்ளே வராது. கண்ணில் பட்டாலும் சீக்கிரம் வராது. ஒருமுறை மூன்றாம் மாடிக்குக் குடிநீர் வடிகட்டி வேண்டும் என்று ஒருவர் விண்ணப்பித்தார். நான் எல்லா வடிகட்டிகளையும் அலசி ஆராய்ந்து ஒன்றைப் பரிந்துரைத்தபோது அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். அவசரத்தில் தவறு நடந்துவிடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு உறுதியானவன்.

என் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலை வரை நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கண்ணுக்குத் தெரியாத சமாசாரங்களை எண்ணுகிறவள். வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கிறாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே உள்ளவை கொஞ்சம் நகரும் என்று ஒருநாள் சொன்னாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருடம். ஊருக்கு வெளியே பெரிய ஏரி ஒன்று உண்டு. அங்கே ஒரு படகுக் கழகம். மூன்று வருடமாக அவள் அங்கே துடுப்புப் போடுகிறாள். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் படகு. தும்மினால் கவிழ்ந்துவிடும் போல அவ்வளவு ஒல்லி. இந்த மூன்று வருடத்தில் அவள் கலந்துகொண்ட போட்டிகள் பதினொன்று. என் மனைவி போனது ஒன்பது. நான் போனது, ஆவணங்களின்படி, எதுவும் இல்லை.

அதற்கு வலுவான காரணம் உண்டு. கரையில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. படகு குச்சி மாதிரியும் ஆள் புள்ளி மாதிரியும் இருக்கும். எந்தப் புள்ளி நம் புள்ளி என்று தெரியாமல் வெயிலில் காய்வதைவிட, அவள் வீட்டுக்கு வந்தபின் கிட்டத்தில் பார்த்துக்கொள்வது திறமையான நிர்வாகம். இதைப் பதினொரு தடவையும் பொறுமையாக விளக்கினேன். பன்னிரண்டாவது தடவை விளக்க ஆரம்பித்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அப்ப ஒரு பைனாகுலர் வாங்கிடுங்க."

ஒரு குடும்பத் தலைவரிடம் மிச்சம் இருந்த ஒரே காரணத்தை இவ்வளவு சுலபமாக யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். நான் மறுக்க வாய் திறப்பதற்குள் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான்கு மாதத்தில் பருவத்தின் கடைசிப் போட்டி வருகிறது, அதோடு கழகத்திலிருந்து விலகி வேலைக்காக வேறு ஊர் போகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். "நிஜமா வர்றீங்களாப்பா?" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டபின் வரவில்லை என்று சொல்ல நான் என்ன கல்லா. கருவி கிடைத்ததும் வருகிறேன் என்று நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்தேன்.

அன்றைக்கே கோப்பு திறந்துவிட்டேன். "பொருள்: பைனாகுலர், மலிவு விலையில், எப்போதாவது வெளியிடங்களில் பார்ப்பதற்கு." அதற்குக் கீழே எங்கள் அலுவலகக் கடிதங்களில் வருவது போல "பார்வை" என்று ஒரு வரி. அதற்கு எதிரே "இல்லை" என்று எழுதினேன். முந்தைய கடிதம் எதுவும் இல்லை என்ற அர்த்தத்தில்தான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் நான். இரண்டாவது, என் மனைவியின் தம்பி. அவன் வாங்காத பொருளே உலகில் இல்லை என்று சொல்ல முடியாது. அவன் காணொளி பார்க்காத பொருள் இல்லை என்று சொல்லலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து குழந்தை வண்டி வரை எதைக் கேட்டாலும் "அது வேஸ்ட் மாமா" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவான். மூன்றாவது, என் பிரிவு உதவியாளர். அலுவலகத்தில் அவருக்கு "முன்னுதாரணம்" என்று பெயர். தீப்பிடித்தது என்று சொன்னாலும் இதற்கு முன்னுதாரணம் உண்டா என்றுதான் கேட்பார். மனைவியையும் உறுப்பினராக அழைத்தேன். தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. எல்லா பைனாகுலரிலும் எட்டுக்கு நாற்பத்திரண்டு, பத்துக்கு ஐம்பது என்று நடுவில் பெருக்கல் குறியோடு எண்கள் போட்டிருந்தார்கள். பெருக்கல் குறி எதற்கு இருக்கிறது, பெருக்கத்தானே. பெருக்கினேன். ஒன்று முந்நூற்று முப்பத்தாறு, மற்றொன்று ஐந்நூறு. இப்படிச் சந்தையில் கிடைத்த நாற்பத்தேழு பைனாகுலர்களையும் பெருக்கி, பெரிய விடையிலிருந்து சின்ன விடை வரை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டோம். மூன்று வாரம் ஆனது. முன்னுதாரணம் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கூட்டலே இல்லாத அட்டவணை அது.

அட்டவணையை மனைவியிடம் காட்டினேன். நின்றுகொண்டே பார்த்தாள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்னால் இருக்கும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது, இரண்டையும் பெருக்குவது என் செருப்பு அளவையும் வயதையும் பெருக்குவது போல என்றாள். அவள் தொழில் நுண்ணோக்கி என்பதால் இதை நிபுணர் கருத்தாக ஏற்று, அட்டவணையை "மறுபரிசீலனைக்கு" அனுப்பினேன். நாங்களே அனுப்பி நாங்களே பெற்றுக்கொண்டோம்.

இதற்கிடையில் இரண்டு போட்டிகள் வந்து போயின. பைனாகுலர் தேர்வு நிலுவையில் இருந்ததால் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. இரண்டாவதில் மகளும் அவள் தோழியும் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் வாங்கினார்கள். கனமான நல்ல பதக்கம். பட்டியல் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ரொம்ப உதவியது.

மூன்றாம் மாதத்தில் மைத்துனன் ஒரு பைனாகுலரைப் பரிந்துரைத்தான். நூற்றெண்பது மடங்கு பெரிதாக்கும், இருட்டிலும் தெரியும், திசைகாட்டியும் உண்டு, எல்லாம் ஒரு குடை விலையில். காணொளியில் அதன் வழியாகப் பார்த்தவர் நிலாவில் இருந்த பள்ளங்களை எண்ணியதாகச் சொன்னான். ஏரி நிலாவைவிடக் கிட்டத்தில் இருப்பதால் நமக்கு இது மிகை என்று நான் கருத்துத் தெரிவித்தேன். அதற்கு அவன், இன்றைக்கு ஏரி, நாளைக்கு எதுவோ என்றான். தொலைநோக்குப் பார்வை என்பது இதுதான். ஆனால் கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

கடைசிப் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, என் மனைவி அலுவலகத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் இருந்த கேமரா கடைக்குப் போனாள். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மேசையில் ஒரு பழைய கேமராவைப் பிரித்துப் போட்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி திருகாணி கழற்றிக்கொண்டிருந்தார். நான் கோப்பைத் திறந்து வைத்தேன். அவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"கண்ணாடி போடாம பாக்க முடியுமா உங்களால?"

முடியாது என்றேன்.

"கையை நீட்டுங்க." நீட்டினேன். விரல்கள் லேசாக ஆடின. தலையாட்டிக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை பாப்பீங்க?"

"எப்போதாவது" என்றேன்.

"எப்பவாவதுன்னா?"

இதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "வருஷத்துக்கு ஒருதடவை வச்சுக்கங்க" என்றாள். கடைக்கார அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். எட்டுக்கு முப்பத்திரண்டு. மடங்கு கூடக்கூட கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கிற வட்டமும் சுருங்கும், எப்போதாவது பார்க்கிறவருக்கு எட்டே தாராளம் என்றார். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று மடித்துக் காட்டினார். வாசலில் நின்று பார்த்தேன். எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் முன்னுதாரணம் வாய் திறந்து தூங்குவது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. கடைவாய்ப் பல் ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் நான் அறியாத செய்தி.

நான்கு மாதம் குழு பாடுபட்டதன் பலனாக, பத்து நிமிடத்தில் வாங்கினோம்.

போட்டி நாள் வந்தது. விடிந்ததும் மகள் கிளம்பினாள். கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்று, எந்தத் தடம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று ஏதோ சொன்னாள். நான் பெட்டியோடு வந்த துணியால் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வட்டமாகத் துடைக்க வேண்டும், நேராகத் துடைத்தால் கீறல் விழும் என்று கையேட்டில் இருக்கிறது. சரிம்மா, சரிம்மா என்றேன். "பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். என் கழுத்தில் பைனாகுலர் தொங்கியதும் சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் நீங்கள் நடுவரா என்று கேட்டார். இல்லை என்று உடனே மறுத்துவிடவில்லை.

ஆறு படகுகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. நிகழ்ச்சித் தாளில் எங்கள் மகள் பெயருக்கு நேரே "இரண்டாம் தடம்" என்று இருந்தது. கரையிலிருந்து எண்ணி இரண்டாவது படகில் கருவியை நிலைநிறுத்தினேன். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டால் ஆடாது என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். ஊன்றினேன். மலை போல நின்றது. என் மனைவி, அது இல்லை, அக்கரைப் பக்கமிருந்து இரண்டாவது, காலையில் சொன்னாளே என்றாள். கருவி என் கையில் இருக்கிறது என்பதை நினைவூட்டினேன்.

படகுகள் புறப்பட்டன. நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன். துடுப்பின் நுனியிலிருந்து சொட்டிய நீர் தெரிந்தது. தோளில் ஒட்டிய ஈரச் சட்டையின் மடிப்பு தெரிந்தது. காதோரம் வழிந்த வியர்வைத் துளிகூடத் தெரிந்தது. அது என் மகளின் காது இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

கருவி இல்லாத ஏழைகளின் நன்மைக்காக உரக்க வர்ணனை கொடுத்தேன். இப்போது மூன்றாவது, இப்போது இரண்டாவது, அவள் தோழி கொஞ்சம் களைத்திருக்கிறாள், ஆனால் நம்மவள் விடமாட்டாள், சின்ன வயதிலிருந்தே பிடிவாதம், என்னைப் போல. பாதித் தூரம் தாண்டியதும் கரையில் திடீரென்று சத்தம் அடங்கியது. பிறகு எல்லோரும் எழுந்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. என் வர்ணனையில் லயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் எழவில்லை. முழங்கை ஆடிவிடும். படகு வலது பக்கம் எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தது, நானும் அதோடு திரும்பிக்கொண்டே போனேன். முதலிடம். கொஞ்ச நேரத்தில் கரை முழுக்கக் கைதட்டல் எழுந்தது. என் கண் கலங்கி வில்லையில் ஆவி படிந்தது. "பாத்தியா நம்ம பொண்ண" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினேன். அதில் யாரும் இல்லை.

மகிழ்ச்சியில் எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடியிருப்பாள் என்று நானும் ஓடினேன். படித்துறையில் படகை அணைத்து இறங்கிய பெண்ணின் தோளில் கை வைக்கப் போனேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். யாரோ. ஜெயித்துவிட்டாய் அம்மா என்று தொடங்கியதை நிறுத்த முடியாமல் முடித்தும் வைத்தேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள் மரியாதையாக. ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ஏரியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. என் மகள் எந்தப் படகு என்று கேட்டார். இரண்டாம் தடம் என்றேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவரா நீங்க. நல்லா இருக்கணும் சார்."

எதற்கு என்று தெரியாமலே அந்தப் பாராட்டை உரிய கண்ணியத்தோடு ஏற்றுக்கொண்டேன். முப்பது வருட அலுவலக அனுபவம் கைகொடுத்தது.

பிறகுதான் ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாதித் தூரத்தில், அக்கரைப் பக்கத்து முதல் தடத்தில் போன படகின் துடுப்பு ஒரு மிதவையில் சிக்கிப் படகு கவிழ்ந்திருக்கிறது. ஒரு பெண் நீந்தி விலகிவிட்டாள். மற்றவளின் கால், படகோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் காலணியில் மாட்டிக்கொண்டு, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. காவலுக்கு இருந்த மோட்டார் படகு எல்லைக்கோட்டுப் பக்கம் நின்றிருந்தது. அப்போது இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த என் மகளும் தோழியும் துடுப்பை நிறுத்தி, படகைத் திருப்பிக் கொண்டுவந்து பக்கத்தில் அணைத்தார்கள். தோழி இரண்டு படகையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, என் மகள் குனிந்து அந்தப் பெண்ணின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மோட்டார் படகு வந்து காலை விடுவிக்கும்வரை, ஐந்து நிமிடம் இருக்கும் என்கிறார்கள், அந்தப் பிடியை விடவில்லை. அந்தப் பெண் இருமி மூச்சு விட்டபோதுதான் கரை கைதட்டியது. என் மனைவி அதற்கெல்லாம் முன்பே எழுந்து, செருப்பைக்கூட விட்டுவிட்டுப் படகுக் கொட்டகைக்கு ஓடியிருந்தாள். முடிவுப் பலகையில் மகள் பெயருக்கு எதிரே "முடிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

ஏரிக்கரையில் இருந்த எல்லோரும் வெறுங்கண்ணால் பார்த்த காட்சி அது. கருவி வைத்திருந்த ஒருவனைத் தவிர.

மாலையில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகளின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. மனைவி மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே இருந்தேன். தனக்கு நடந்தது ஒன்றும் சரியாக ஞாபகம் இல்லை, பயத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கரையிலேருந்து எப்படிப்பா தெரிஞ்சுது?"

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்தான். ஆனால் அதற்குள் நான் ஏழெட்டு வாயிலிருந்து விவரம் திரட்டியிருந்தேன். நேரில் பார்த்தவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும். ஆகவே சொன்னேன். மிதவை ஆடியதை, படகு புரண்டதை, அவள் குனிந்ததை, அவள் முதுகு நடுங்கியதை, தூக்கிப் பிடித்த கையில் நரம்பு புடைத்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். என் மனைவி தலையைத் தூக்கவில்லை. மருந்து தடவும் விரல் மட்டும் நின்றுவிட்டது.

மகள் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள். அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நடுவுல ஒருதடவை கரையைப் பாத்தேன்ப்பா. யாராவது வர்றாங்களான்னு. எல்லாரும் எழுந்து எங்களையே பாத்துட்டு நின்னாங்க. ஒருத்தர் மட்டும் நாற்காலியில உக்காந்து வேற பக்கம் பாத்துட்டிருந்தார்."

கையை ஊதிக்கொண்டு எழுந்து துணி எடுத்து வைக்கப் போனாள். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

பைனாகுலர் பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. பொருளைப் பற்றி வாடிக்கையாளர் கருத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கடமை என்று வந்தால் தள்ளிப்போடும் வழக்கம் எனக்கு இல்லை. அன்றே எழுதி அனுப்பினேன்: "கருவியில் குறை எதுவும் இல்லை. மலிவு விலையில் இவ்வளவு தெளிவை நான் எதிர்பார்க்கவில்லை. நடு ஏரியில் ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற பெண்ணுக்கு, கரையில் இதைக் கண்ணில் ஒட்டவைத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனைத் துல்லியமாகக் காட்டுகிறது."